பேரோல் சாஃப்ட்வேர் வாங்கியாகிவிட்டது, இனி எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். நாற்பத்தைந்து பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள். பல வருடமாக எக்செல்லில் சம்பளம் போட்டுவந்த அக்கா இந்த மாதக் கடைசியில் வேலையை விடுகிறார். முதலாளி சம்பளம் போடும் ஒரு பேரோல் சாஃப்ட்வேரை வாங்கி வைத்துவிட்டு, "இனிமேல் நீதான் பார்த்துக்கணும்" என்று சொல்லிவிட்டார். எந்த கோர்ஸில் சேரலாம், எத்தனை நாளில் கற்றுக்கொள்ளலாம் என்பது உங்கள் கேள்வி.

சாஃப்ட்வேரைக் கற்க ஒரு வாரம் போதும். சம்பளம் போடக் கற்க ஒரு முழு வருடம் ஆகும். பயமுறுத்தச் சொல்லவில்லை. போனஸ், ஆண்டுச் சம்பள உயர்வு, மிச்ச விடுப்புக்குப் பணம், வரி ஆண்டு முடிவு எல்லாம் வருடத்துக்கு ஒருமுறைதான் வருகின்றன. மார்ச்சில் வருவதை ஆகஸ்டில் கற்க முடியாது. ஆனால் முதல் மாதச் சம்பளத்தைச் சரியாகப் போட இந்த ஒரு வருடம் தேவையில்லை. எதைக் கம்ப்யூட்டரிடம் விடலாம், எதை விடக்கூடாது என்று தெரிந்தால் போதும்.

கம்ப்யூட்டர் செய்வது கூட்டல், கழித்தல், சதவீதம். அதில் அதனோடு போட்டி போட வேண்டாம். அலுவலக வேலைக்கென்று கட்டப்பட்ட முதல் கம்ப்யூட்டர்களில் ஒன்றான லியோ, 1950களில் பிரிட்டனின் லயன்ஸ் நிறுவனத்தில் சம்பளக் கணக்குப் போட்டது. அனுபவமுள்ள ஒரு குமாஸ்தாவுக்கு ஓர் ஆளின் சம்பளத்தைக் கணக்கிட எட்டு நிமிடம் ஆகுமாம். லியோவுக்கு ஒன்றரை விநாடி. அப்போதே அந்தப் போட்டி முடிந்துவிட்டது. உங்களிடம் மிஞ்சியிருக்கும் வேலை வேறு: போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் நடுவே என்ன மாறியது, ஏன் மாறியது என்று ஒவ்வொரு எண்ணுக்கும் பதில் வைத்திருப்பது. இதை எந்த சாஃப்ட்வேரும் செய்து தராது.

சரி, முதலில் சாஃப்ட்வேரைத் திறக்காதீர்கள். போன மாதச் சம்பளப் பட்டியலை எடுத்து, அதில் வரவும் பிடித்தமும் அதிகமாக உள்ள ஒரு பேஸ்லிப்பை (சம்பளச் சீட்டை) பிடியுங்கள். ஓவர்டைம், முன்பணப் பிடித்தம், இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு எல்லாம் இருக்கிற ஆளாகப் பார்த்து எடுங்கள். கால்குலேட்டரும் பேப்பரும் வைத்துக்கொண்டு, மேலே கிராஸில், அதாவது பிடித்தத்துக்கு முந்தைய மொத்தச் சம்பளத்தில், தொடங்கிக் கீழே கைக்கு வரும் தொகைவரை நீங்களே போட்டுப் பாருங்கள். எங்கேயாவது மாட்டுவீர்கள். பெரும்பாலும் விடுப்புக் கணக்கில்.

ஒரு ஆளுக்கு மாதச் சம்பளம் 31,000, இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு பிடிக்க வேண்டும்? 31 நாள் மாதத்தில் காலண்டர் நாளால் வகுத்தால் 2,000. எந்த மாதமானாலும் 30 என்று வைத்தால் 2,066.67. வாராந்திர விடுமுறையைக் கழித்து 26 நாளால் வகுத்தால் 2,384.62. மூன்றுமே நடைமுறையில் உள்ள முறைகள்தான். உங்கள் நிறுவனத்தில் எது என்பதை நியமனக் கடிதமோ, நிறுவன விதியோ, உங்கள் நாட்டுச் சட்டமோ சொல்ல வேண்டும். சாஃப்ட்வேர் சொல்லக்கூடாது. ஆனால் நிறைய இடங்களில் சாஃப்ட்வேர்தான் சொல்கிறது. நிறுவும்போது வந்த திரையில் யாரோ "அடுத்து, அடுத்து" என்று அழுத்திக்கொண்டே போனதால்.

இந்த 30 நாள் முறையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 31 நாள் மாதத்தில் ஒருவர் ஒரே ஒரு நாள் மட்டும் வேலைக்கு வந்தார், மீதி 30 நாளும் சம்பளமில்லா விடுப்பு என்றால், முப்பதில் முப்பது பங்கு பிடித்தம். ஒரு நாள் உழைத்தவருக்குப் பூஜ்யம். பிப்ரவரியில் 28 நாளும் வராதவருக்கு முப்பதில் இருபத்தெட்டுப் பங்குதான் பிடித்தம். ஆகவே அவருக்கு ஒரு நாள்கூட வராமலே 2,066.67 கிடைக்கும். வராத நாளைக் கழிக்கிறோமா, வந்த நாளைப் பெருக்குகிறோமா என்பதைப் பொறுத்து விடை மாறும். இரண்டு நாள் விடுப்பில் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. மாதத்தின் நடுவில் சேர்ந்தவர், நீண்ட விடுப்பில் போனவர் என்று வரும்போதுதான் பல்லைக் காட்டும். இதைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தவர் பிறகு எந்தத் திரையைப் பார்த்தாலும் "இது எந்த நாளால் வகுக்கிறது?" என்று முதலில் கேட்பார்.

பைசாவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் பின்னங்களை பைனரி எண்களில் (0, 1 மட்டும் உள்ள எண்முறையில்) வைத்துக்கொள்வதால் 0.1, 0.2 போன்ற சாதாரண எண்கள்கூட உள்ளே துல்லியமாக இருப்பதில்லை. போதாததற்கு, எக்செல்லை இரண்டு தசமம் மட்டும் காட்டச் சொன்னாலும், உள்ளே நீண்ட எண்ணை வைத்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் எண்களைக் கூட்டினால் ஒன்று, எக்செல் கூட்டினால் இன்னொன்று. ஒவ்வொரு தொகையையும் ரவுண்ட் ஃபார்முலாவால் முழுமையாக்கிவிட்டுக் கூட்டுவதா, கடைசியில் ஒருமுறை முழுமையாக்குவதா என்பதை முடிவுசெய்து, பேஸ்லிப், வங்கி ஃபைல், கணக்குப் பதிவு மூன்றிலும் அதையே வையுங்கள். ஒரு பைசா வித்தியாசத்துக்காக ஒரு மாலைப் பொழுதைத் தொலைத்தவர்கள் இந்தத் தொழிலில் நிறைய.

எக்செல்லிலேயே தொடர்ந்தால் என்ன என்றும் உங்களுக்குத் தோன்றலாம். நாற்பத்தைந்து பேருக்கு எக்செல் தாங்கும். ஆனால் அது தப்பைத் தடுக்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊழியர் பட்டியலைப் பெயர் வரிசைப்படி அடுக்க நினைத்து, பெயர் இருந்த நிரலை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கிவிட்டேன். பெயர்களும், பெயரைப் பார்த்து எடுக்கப்பட்ட சம்பளத் தொகைகளும் இடம் மாறின. வங்கிக் கணக்கு எண்கள் நகரவில்லை. மொத்தத் தொகை அச்சு அசலாகப் பொருந்தியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஃபைல் வங்கிக்குப் போன பிறகு மதியம் ஒருவர் வந்து, "எனக்கு ரொம்ப அதிகமா வந்திருக்கே, இன்கிரிமென்டா?" என்று கேட்டார். அந்த வாரம் முழுக்க ஒவ்வொருவரிடமாகப் போய் பணத்தைத் திரும்பக் கேட்டேன். மொத்தம் சரியாக இருப்பதால் கணக்கு சரி என்று ஆகாது என்று அன்று விளங்கியது. வேறு பட்டியலில் பெயரைத் தேடி எண்ணை எடுத்துத் தரும் விலுக்கப் ஃபார்முலாவும் இதே ரகம்: அதன் நான்காவது இடத்தை எழுதாமலே விட்டால், சரியான பெயர் கிடைக்காதபோது பக்கத்தில் உள்ள எதையாவது எடுத்துத் தந்துவிட்டுச் சும்மா இருக்கும்.

இனி சாஃப்ட்வேரைத் திறக்கலாம். எந்த பிராண்டாக இருந்தாலும் உள்ளே இரண்டு வகைத் தகவல்தான்: எப்போதாவது மாறுவது, மாதாமாதம் மாறுவது. முதலாவதை மாஸ்டர் என்போம்: பெயர், சேர்ந்த தேதி, பிறந்த தேதி, வங்கிக் கணக்கு, வரி எண், சம்பள அமைப்பு. இரண்டாவது வருகைப் பதிவு, ஓவர்டைம், ஊக்கத்தொகை, ஒருமுறைப் பிடித்தம். பிழைகளில் பெரும்பாலானவை மாஸ்டரில் பிறக்கின்றன. ஒருமுறை தப்பாக ஏற்றினால் மாதாமாதம் ஒழுங்காகத் தப்பு வரும். ஒழுங்காக வருவதாலேயே கண்ணில் படாது.

மாஸ்டரில் அதிக நேரம் செலவிட வேண்டியது சம்பளக் கூறுகளை அமைக்கும் இடத்தில். அடிப்படைச் சம்பளம், வீட்டு வாடகைப் படி, பயணப் படி என்று ஒவ்வொரு கூறுக்கும் சாஃப்ட்வேர் சில கேள்விகள் கேட்கும். இது வரிக்கு உட்பட்டதா? வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் சேருமா? ஓவர்டைம் விகிதத்தில் சேருமா? விடுப்பு எடுத்தால் குறையுமா? ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று ஒரு டிக். அந்த டிக்தான் சட்டம் உங்கள் சம்பளப் பட்டியலுக்குள் நுழையும் வாசல். வைப்பு நிதி, காப்பீடு போன்ற பிடித்தங்களின் பெயர்கள் நாட்டுக்கு நாடு வேறு: இந்தியாவில் பிஎஃப், இஎஸ்ஐ, இலங்கையில் ஈபிஎஃப் என்று ஊழியரிடம் 8 சதவீதம், முதலாளியிடம் 12 சதவீதம், அதற்கு மேல் ஈடிஎஃப் என்று முதலாளி மட்டும் கட்டும் 3 சதவீதம், சிங்கப்பூரில் சிபிஎஃப். சிங்கப்பூரில் 55 வயதைத் தாண்டியதும் சிபிஎஃப் விகிதம் குறையத் தொடங்கும். அதனால் அங்கே மாஸ்டரில் பிறந்த வருடம் தப்பாக இருந்தால் பிடித்தமே தப்பு. எந்த நாடானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்தெந்தக் கூறுகளின் கூட்டுத்தொகை மேல் இந்த சதவீதம், அதற்கு உச்சவரம்பு உண்டா?

விகிதங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய விகிதத்தின் மேலேயே புதியதை அடித்து எழுதாதீர்கள். நல்ல சாஃப்ட்வேரில் "இந்தத் தேதியிலிருந்து இந்த விகிதம்" என்று புதிய வரி சேர்க்க இடம் இருக்கும். அப்படிச் செய்தால்தான் ஆறு மாதம் கழித்துப் பழைய மாதம் ஒன்றைத் திரும்பக் கணக்கிடும்போது அந்த மாதத்தின் விகிதமே வரும். சம்பள உயர்வுக்கும் இதே விதி.

நீங்கள் ஆண்டின் நடுவில் புதிய சாஃப்ட்வேருக்கு மாறப்போகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் வருமான வரி உங்களைக் கட்டாயம் பதம் பார்க்கும். பல நாடுகளில் வரி அந்தந்த மாதச் சம்பளத்தைத் தனியாகப் பார்த்துப் பிடிக்கப்படுவதில்லை. 'சம்பாதிக்கும்போதே கட்டு' என்று பிரிட்டன் 1944இல் கொண்டுவந்த முறையில், வரி ஆண்டின் தொடக்கத்திலிருந்து இதுவரை வந்த மொத்தத்துக்கு எவ்வளவு வரி, அதில் இதுவரை எவ்வளவு பிடித்தாயிற்று, மீதி எவ்வளவு என்றுதான் ஒவ்வொரு முறையும் கணக்கு. இந்தியாவில் ஆண்டு வருமானத்தை முன்கூட்டி மதிப்பிட்டு, மீதி மாதங்களுக்குப் பங்கிடுகிறார்கள். இரண்டு வகையிலும் போன மாதங்களின் மொத்தம் சாஃப்ட்வேருக்குத் தெரிய வேண்டும். இதுவரை கொடுத்தது, இதுவரை பிடித்தது என்ற தொடக்க எண்களை ஒவ்வொரு ஆளுக்கும் ஏற்றாமல் ஓட்டினால், முந்தைய மாதங்களில் சம்பளமே கொடுக்கவில்லை என்று அது நினைத்துக்கொள்ளும். வரி குறைவாகப் பிடிக்கப்படும். ஊழியர்கள் சந்தோஷமாக இருப்பார்கள், ஆண்டுக் கடைசி வரை. முடிந்தால் வரி ஆண்டின் முதல் மாதத்தில் மாறுங்கள். முடியாவிட்டால் இந்தத் தொடக்க எண்களுக்கென்று தனியாக இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

மாறும்போது பழைய எக்செல்லையும் புதிய சாஃப்ட்வேரையும் குறைந்தது இரண்டு மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள். மொத்தத்தை ஒப்பிட்டால் போதாது. ஆள் ஆளாக, வரி வரியாக. வித்தியாசம் வந்ததும் சாஃப்ட்வேரை எக்செல்லோடு பொருத்தும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். பாதி நேரம் எக்செல்தான் தப்பாக இருக்கும். பல வருடத்துக்கு முன் போட்ட ஃபார்முலா ஒன்றில் புதிதாகச் சேர்ந்த ஒரு படி உட்படாமலே இருந்திருக்கும். எது சரி என்று கையால் போட்டுப் பார்த்து முடிவுசெய்து, ஒரு வரி எழுதி வையுங்கள்.

ஓட்டிப் பார்க்காமல் இறங்கியவர்களின் கதை பெரிய அளவிலேயே இருக்கிறது. கனடா மத்திய அரசு 2016இல் ஃபீனிக்ஸ் என்ற சம்பள முறையைக் கொண்டுவந்தது. பல்லாயிரக்கணக்கானோருக்குச் சம்பளம் குறைந்தும் கூடியும், சிலருக்கு வராமலேயும் போனது. பட்ஜெட்டுக்குள் முடிப்பதற்காக, முன்தேதியிட்ட சம்பளத்தைக் கணக்கிடும் வசதி உள்ளிட்ட சிலவற்றை நீக்கியதும், ஒரு துறையில் மட்டும் முதலில் ஓட்டிப் பார்க்கும் திட்டத்தைக் கைவிட்டதும் தலைமைத் தணிக்கையாளரின் 2018 அறிக்கையில் வெளிவந்தன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறையில் 2010 மார்ச்சில் இதே போல ஒன்று நடந்து, பின்னர் விசாரணை ஆணையம் வரை போனது. அங்கேயெல்லாம் கம்ப்யூட்டருக்குக் கூட்டத் தெரியாமல் இல்லை.

இப்போது மாத வேலைக்கு வருவோம். முதலில் ஒரு கடைசித் தேதி. வருகை, ஓவர்டைம், புதிய ஆள், வேலையை விட்ட ஆள், சம்பள உயர்வு எல்லாம் இன்ன தேதிக்குள் எழுத்தில் வர வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் அடுத்த மாதம். எழுத்தில் என்று அழுத்திச் சொல்கிறேன். மாடிப்படியில் எதிரே வந்து "அந்தப் பையனுக்கு இந்த மாசம் இரண்டாயிரம் சேர்த்துடு" என்று சொல்பவர், மூன்று மாதம் கழித்துத் தான் அப்படிச் சொல்லவே இல்லை என்பார். "சரி சார், ஒரு மெயில் மட்டும் போட்டுடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லப் பழகுங்கள். முதலாளியிடமும்தான்.

உள்ளீடு முடிந்ததும் உடனே ஓட்டிவிடாதீர்கள். ஒரு தாளை எடுத்து, விடை எவ்வளவு வர வேண்டும் என்று நீங்களே முன்கூட்டி எழுதுங்கள். இதை ஒரு கற்பனைக் கணக்கில் முழுதாகக் காட்டுகிறேன், ஏனென்றால் பேரோலில் நான் ஒன்றே ஒன்றைச் சொல்லித்தர முடியுமென்றால் இதைத்தான் சொல்லித்தருவேன்.

போன மாத மொத்த கிராஸ் 14,20,000. மாதக் கடைசியில் ஒருவர் வேலையை விட்டார், அவருடைய 30,000 இந்த மாதம் இல்லை. முதல் தேதி ஒருவர் சேர்ந்தார், 22,000. மூன்று பேருக்குத் தலா 3,000 சம்பள உயர்வு, ஆக 9,000 கூடும். அந்த உயர்வு இரண்டு மாதம் முன்தேதியிட்டு வந்ததால் அரியர்ஸ், அதாவது நிலுவைத் தொகை, உண்டு. மூன்று பேர், இரண்டு மாதம், 18,000 என்று எழுதப் போவீர்கள். நில்லுங்கள். அதில் ஒருவர் அந்த இரண்டு மாதங்களில் 30 நாள் கொண்ட ஒன்றில் மூன்று நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தார். அவருக்கு அந்த மாதத்துக்கு 3,000 இல்லை, 2,700தான். ஆகவே அரியர்ஸ் 17,700. ஓவர்டைம் போன மாதம் 36,000, இந்த மாதம் 28,500; 7,500 குறையும். விடுப்புப் பிடித்தம் போன மாதம் 6,200, இந்த மாதம் 10,900, 4,700 குறையும். போன மாதம் ஒருவருக்கு ஒருமுறை மட்டும் கொடுத்த பரிசுத்தொகை 5,000 இந்த மாதம் வராது. எல்லாம் கூட்டிக் கழித்தால் 1,500 கூடுகிறது. ஆகவே இந்த மாதம் 14,21,500 வர வேண்டும்.

இப்போது சாஃப்ட்வேரை ஓட்டுங்கள். 14,26,500 என்று காட்டுகிறது. ஐந்தாயிரம் அதிகம்.

அதிகமாக இருப்பது சரியாக 5,000 என்பதே துப்பு. தேடிப் பார்த்தால் அந்தப் பரிசுத்தொகையை யாரோ மாதாந்திரப் படியாக மாஸ்டரில் ஏற்றியிருப்பார்கள். இந்தத் தாளை எழுதியிருக்காவிட்டால் என்ன ஆகும்? 14,20,000க்கும் 14,26,500க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆள் சேர்ந்திருக்கிறார், உயர்வு வந்திருக்கிறது, சரியாகத்தான் இருக்கும் என்று அனுப்பிவிடுவீர்கள். பணம் போய்க்கொண்டே இருக்கும். சம்பளம் 340 குறைந்தால் அன்று மதியமே போன் வரும். 5,000 அதிகமாக வந்தால் யாரும் போன் செய்ய மாட்டார்கள். என்னிடம் வந்து "இன்கிரிமென்டா?" என்று கேட்ட அந்த மனிதர் அபூர்வம்.

இந்தத் தாளை ஓட்டுவதற்கு முன்பே எழுத வேண்டும் என்பது முக்கியம். ஓட்டிய பிறகு எழுதினால், வந்த விடைக்குக் காரணம் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிடுவோம். கிராஸுக்கு எழுதிப் பழகிய பிறகு, ஒவ்வொரு பிடித்தத்துக்கும் எழுதலாம். ஆறு மாதத் தாள்கள் சேர்ந்தால் அதைவிட நல்ல பாடப் புத்தகம் உங்களுக்குக் கிடைக்காது.

மேலே பார்த்த அரியர்ஸ்தான் இந்த வேலையின் கடினமான பகுதி. 3,000க்கே இவ்வளவு யோசனை. உயர்ந்த சம்பளத்தில் அந்த மாதங்களின் ஓவர்டைம் விகிதமும் கூடுமா, அரியர்ஸுக்கும் வைப்பு நிதி பிடிக்க வேண்டுமா, எந்த மாதத்துக் கணக்கில் காட்ட வேண்டும் என்று கிளை பிரிந்துகொண்டே போகும். சாஃப்ட்வேர் தானே பழைய மாதங்களைத் திரும்பக் கணக்கிட்டு வித்தியாசத்தைத் தருமா, அல்லது நீங்கள் கணக்கிட்டு ஒரே எண்ணாக ஏற்ற வேண்டுமா என்பதை விற்றவரிடம் முதல் வாரமே கேளுங்கள். "எல்லாம் ஆட்டோமேட்டிக் சார்" என்று பதில் வந்தால், அந்த மூன்று நாள் விடுப்பு எடுத்த ஆளின் உதாரணத்தைக் கொடுத்து, திரையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பணம் போகும் பாதை வேறு விஷயம். சம்பளத்தைக் கணக்கிடுபவரும் வங்கியில் ஒப்புதல் கொடுப்பவரும் ஒருவராக இருக்கக்கூடாது. உங்கள் மேல் சந்தேகம் என்பதால் அல்ல. நாளை ஏதாவது நடந்தால் உங்களைக் காப்பதும் அதுதான். இல்லாத ஊழியரின் பெயரில் சம்பளம் எடுப்பது இத்துறையின் மிகப் பழைய மோசடி. இரண்டு பெயர்களுக்கு ஒரே வங்கிக் கணக்கு எண் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பது ஐந்து நிமிட வேலை. புதிய மோசடி மெயிலில் வருகிறது: ஊழியர் எழுதியது போலவே, "என் வங்கிக் கணக்கை மாற்றியிருக்கிறேன், இந்த மாதம் முதல் இதில் போடவும்" என்று. அந்த மெயிலுக்குப் பதில் எழுதி உறுதிசெய்யாதீர்கள்; மோசடிக்காரரே உறுதிசெய்வார். மாஸ்டரில் ஏற்கெனவே உள்ள எண்ணுக்குப் போன் போட்டுக் குரலைக் கேளுங்கள்.

ஒவ்வொரு மாதமும் முடிந்ததும் முழுச் சம்பளப் பட்டியலையும் வங்கி ஃபைலையும் சாஃப்ட்வேருக்கு வெளியே, கடவுச்சொல்லோடு சேமித்து வையுங்கள். 2021 டிசம்பரில் க்ரோனோஸ் என்ற வருகைப் பதிவு, சம்பளச் சேவையைப் பணயத் தொகை கேட்கும் வைரஸ் முடக்கியபோது, அதை நம்பியிருந்த பல நிறுவனங்கள் வாரக்கணக்கில் வருகைப் பதிவே இல்லாமல் தவித்தன. அப்படி ஒரு நாள் வந்தால், போன மாதப் பட்டியல் கையில் இருப்பவர் அதே தொகையை அனுப்பிவிட்டு அடுத்த மாதம் சரிசெய்துகொள்ளலாம்.

கணக்குப் பிரிவில் இருப்பதால் கணக்குப் பதிவைப் பற்றி உங்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. பேஸ்லிப்புகளின் நிகரக் கூட்டுத்தொகை, வங்கியிலிருந்து போனது, லெட்ஜரில் ஏறியது மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பிடித்த வரியும் வைப்பு நிதியும் கட்ட வேண்டிய கணக்கில் நிற்கும். கட்டியதும் பூஜ்யமாக வேண்டும். ஆகாவிட்டால், மீதி சில்லறைதானே என்று விடாதீர்கள். பெரும்பாலும் அதன் பின்னால் ஒரு ஆளின் கணக்கு தப்பாக இருக்கும்.

கோர்ஸ் பற்றிக் கேட்டீர்கள். சான்றிதழுக்காக வேண்டுமானால் சேருங்கள், தவறில்லை. சட்ட விதிகளை ஒழுங்காகச் சொல்லித்தரும் வகுப்பு கிடைத்தால் நல்லதே. திரையில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மட்டும் காட்டும் வகுப்புக்குப் பணம் கொடுக்காதீர்கள். அது சாஃப்ட்வேரோடு வரும் வீடியோக்களிலேயே இருக்கும். அதற்குப் பதில் உங்கள் சாஃப்ட்வேரில் ஒரு போலி நிறுவனத்தை உருவாக்கி, பத்து வில்லங்கமான ஊழியர்களைச் சேருங்கள். 17ஆம் தேதி சேர்ந்தவர், 9ஆம் தேதி விட்டவர், மாதம் முழுக்க வராதவர், ஒரே மாதத்தில் இரண்டு உயர்வு வாங்கியவர், வேலையை விட்டு அடுத்த மாதமே திரும்ப வந்தவர். சம்பளத்தைவிட முன்பணப் பிடித்தம் அதிகமாக உள்ள ஒருவரையும் மறக்காமல் சேருங்கள். சில சாஃப்ட்வேர்கள் அவருக்கு மைனஸ் சம்பளம் காட்டும். சில பூஜ்யம் காட்டிவிட்டு மீதிக் கடனை மறந்தே போகும். உங்களுடையது என்ன செய்கிறது என்று உண்மையான ஆள் வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

இதையெல்லாம் அடுத்த மாதம் செய்யலாம். இந்த வாரமே செய்ய வேண்டியது வேறு ஒன்று. அக்கா போவதற்குள் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். சம்பளம் எப்படிப் போடுவது என்று கேட்காதீர்கள். அதை ஃபார்முலாவைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். எந்தெந்தக் கட்டங்களில் ஃபார்முலாவை அழித்துவிட்டுக் கையால் எண் அடித்திருக்கிறார் என்று கேளுங்கள். ஒருவருக்கு முதலாளி வாய்வார்த்தையாகச் சொன்ன படி, இன்னொருவரின் கடன் தவணையை இரண்டு மாதம் நிறுத்தி வைத்தது, முன்பு ஒருமுறை அதிகமாகக் கொடுத்ததை மாதம் ஐந்நூறாகப் பிடித்துக்கொண்டிருப்பது. இவை எந்த விதியிலும் இருக்காது, எந்தக் கோப்பிலும் இருக்காது. ஒவ்வொரு கட்டமாகச் சுட்டிக்காட்டி, யார் சொன்னது, எந்த மாதம் வரை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவருடைய போன் எண்ணையும்.